மலாயாவை யார் பக்கம் நின்று படிப்பது?



மரபுசாராப் போரும் உலகப் பாதுகாப்பும் என்ற பாடத்தை இணையவழியில் முதுகலைக்குப் படிப்பவர்களும், படிக்கலாமா என்று யோசிப்பவர்களும் இங்கே கூடியிருக்கிறீர்கள். "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பது வீட்டில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. காவல்துறை, வெளியுறவு, பத்திரிகை, அகதிகள் நிவாரணம், கப்பல் நிறுவனங்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஆபத்தைக் கணித்துச் சொல்லும் பணி என்று பல வழிகள் திறந்திருக்கின்றன. அந்தக் கேள்விக்கு இந்த விடை போதும். இன்று நான் பேச வந்தது அந்தப் படிப்பை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றி.

1945க்குப் பிறகு உலகில் மூண்ட போர்களில் பெரும்பாலானவை இரண்டு நாட்டுப் படைகள் எல்லையில் நேருக்கு நேர் நின்று நடத்தியவை அல்ல. ஒரு பக்கம் அரசு. மறுபக்கம் சீருடையும் முகாமும் நிலையாக இல்லாத, மக்களுக்குள்ளேயே கரைந்து நிற்கும் ஒரு சிறு படை. இதைப் புரிந்துகொள்ளத்தான் இந்தத் துறை உருவானது. எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் முதல் சில வாரங்களில் ஏறத்தாழ ஒரே புத்தகப் பட்டியலைத்தான் கையில் கொடுப்பார்கள். 1896இல் வெளிவந்த கால்வெல்லின் 'ஸ்மால் வார்ஸ்', மாவோ 1937இல் கொரில்லாப் போர் பற்றி எழுதியது, லாரன்ஸின் அரபுக் கிளர்ச்சி அனுபவம், பிரெஞ்சு அதிகாரி டேவிட் கலூலா 1964இல் எழுதிய நூல், ராபர்ட் தாம்சன் 1966இல் எழுதிய நூல், கடைசியாக 2006 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படையும் மரைன் படையும் சேர்ந்து வெளியிட்ட கையேடு.

எல்லாமே படிக்க வேண்டிய நூல்கள்தான். தாம்சனைப் போலத் தெளிவாக எழுதியவர்கள் குறைவு. ஆனால் இந்தப் பட்டியலை எடுத்துவைத்து, எழுதியவர் யார், அப்போது அவர் என்ன பதவியில் இருந்தார் என்று பக்கத்தில் குறித்துப் பாருங்கள். மாவோவைத் தவிர மற்ற எல்லோரும் ஏதோ ஒரு பேரரசின் அதிகாரிகள். மாவோவும் ஒரு படையின் தலைவர்தான். துப்பாக்கிகள் இரண்டுக்கும் நடுவில் வாழ்ந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. உழவர் இல்லை, தோட்டத் தொழிலாளி இல்லை, சமைத்த பெண் இல்லை. இந்தப் போர்களில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவர்கள் அவர்கள்தான் என்று அந்த நூல்களே பக்கத்துக்குப் பக்கம் சொல்கின்றன. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதியதுதான் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்கும் வசதி, வீட்டிலிருந்தபடியே படிக்கும் மாணவருக்கு வேறு யாரையும் விட அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை விளக்க ஒரே ஒரு போரை எடுத்துக்கொள்கிறேன். அது மலாயா.

ஏன் மலாயா என்றால், இந்தத் துறையில் வெற்றிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் போர் அதுதான். 1948 முதல் 1960 வரை பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை எதிர்த்து நடத்திய போர். 'மக்களின் மனங்களை வென்று' போரை முடித்தார்கள் என்று பாடநூல்கள் சொல்லும். இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காட்டோரத் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர்களில் பெரும் பகுதியினர் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் இருந்து கப்பலேறிப் போன தமிழர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இந்த அரங்கில் நிச்சயம் இருப்பீர்கள்.

பாடநூலில் அந்தப் போர் 1948 ஜூன் 16ஆம் தேதி தொடங்கும். அன்று காலை பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் அருகே தோட்டத் துரைமார் மூன்று பேரைக் கம்யூனிஸ்ட்கள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாளில் நாடு முழுவதும் அவசரகாலம் வந்துவிட்டது. இதெல்லாம் நடந்தது உண்மை. ஆனால் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருந்தவரைக் கேட்டால் கதை இன்னும் முன்னால் தொடங்கும். ஜப்பானியர் காலத்தில் பட்டினி. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனதில் திரும்பி வராதவர்கள் ஆயிரக்கணக்கில். போர் முடிந்து துரைமார் திரும்பி வந்தபோது அரிசி விலை ஏறிக் கிடந்தது, கூலி ஏறவில்லை. தொழிற்சங்கங்கள் வேகமாக வளர்ந்தன. கெடாவில் ஏ.எம். சாமி முன்நின்று நடத்திய தொண்டர் படை, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தது. 1947இல் போலீஸ் அதை அடித்து ஒடுக்கியது. கள்ளை எதிர்த்த தொழிலாளிக்குக் கிடைத்தது தடியடியும் சிறையும்தான்.

அந்தக் காலத்தில் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்தவர், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். மலாயா கணபதி என்று நம் ஊரில் பெரியவர்கள் சிலருக்கு இன்றும் நினைவிருக்கும். 1948 ஜூனில் சம்மேளனத்தை அரசு தடை செய்தது. அடுத்த ஆண்டு கணபதி பிடிபட்டார். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பது வழக்கு. அவசரகாலச் சட்டத்தில் அதற்கு மரண தண்டனை. நேரு அரசு லண்டன் வரை முறையிட்டது, பலிக்கவில்லை. 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள்தான் இன்னொரு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் படையினர் சுட்டு இறந்திருந்தார்.

கணபதியின் அரசியலை நீங்கள் ஏற்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. தொழிலாளி கூலி கேட்கப் போகும் கதவு மூடப்பட்ட பிறகு காட்டுக்குப் போகும் பாதை எத்தனை பேருக்குத் திறந்தது? அந்தக் கணக்கைப் போடாமல் இந்தப் போரின் தொடக்கத்தை யாரும் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. பின்னால் அரசே இதை உணர்ந்துதான், கட்டுப்பாட்டோடு கூடிய சங்கங்களை வளர விட்டது. 1954இல் பி.பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த வழியில்தான்.

இனி போரின் நடுப்பகுதிக்கு வருவோம். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

காட்டுக்குள் இருந்த படைக்கு உச்சத்தில் சுமார் 8,000 பேர். சின் பெங் தலைவர். ஜப்பானியரை எதிர்த்து பிரிட்டிஷாரோடு சேர்ந்து போரிட்டதற்காக அவர்களிடமே விருது பெற்றவர் அவர். அந்தக் காலத்து நினைவில் காட்டிலிருந்தவர்களை மக்கள் 'பிந்தாங் தீகா' என்றே அழைத்தார்கள், தொப்பியில் மூன்று நட்சத்திரம் இருந்ததால். இந்தப் படைக்கு அரிசியும் மருந்தும் செய்தியும் தந்தவர்கள் காட்டோரத்தில் பட்டா இல்லாமல் பயிர் செய்துவந்த சீனக் குடும்பங்கள். சிலர் விரும்பித் தந்தார்கள், சிலர் பயந்து தந்தார்கள். 1950 ஏப்ரலில் படை நடவடிக்கைகளின் இயக்குநராக வந்த சர் ஹெரால்ட் பிரிக்ஸ், மீனைப் பிடிக்க முடியாவிட்டால் தண்ணீரை இறைத்துவிடுவது என்று முடிவெடுத்தார். சுமார் 5 லட்சம் பேரை அவர்கள் குடிசைகளிலிருந்து லாரியில் ஏற்றி, நானூறுக்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். பழைய குடிசை பல இடங்களில் அவர்கள் கண் முன்னாலேயே எரிந்தது. புதுக்கிராமத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, காவல் கோபுரம், விளக்கு, பூட்டிய வாசல். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து வேலி போட்டார்கள். தமிழ்த் தொழிலாளர்கள் இந்தப் போரை அனுபவித்தது பெரும்பாலும் அந்த வேலிக்கு உள்ளேதான்.

வேலிக்குள் ஒரு நாள் எப்படிப் போனது? பால்மரம் விடியும் முன் சீவினால்தான் நன்றாகப் பால் வடியும். வெயில் ஏறினால் பால் உறைந்து நின்றுவிடும். ஆனால் விடிகிற வரை ஊரடங்கு, வாசல் திறக்காது. திறந்த பிறகு வரிசையில் நின்று சோதனை. கையில் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் பதிந்த அடையாள அட்டை இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் 1948 முதலே அது கட்டாயம். உணவுத் தடை கடுமையாக இருந்த பகுதிகளில் மதியச் சாப்பாட்டைக்கூட வெளியே எடுத்துப் போக முடியாது. அரிசி பங்கீட்டில்தான் கிடைக்கும். சில இடங்களில் அரிசியாகவே கொடுக்காமல், பொதுச் சமையலறையில் ஆக்கிய சோற்றைத்தான் தந்தார்கள். சோறு அந்த வெக்கையில் சீக்கிரம் ஊசிப்போகும், காட்டுக்குள் சேமித்து வைக்க முடியாது என்பது கணக்கு. கடையில் டின் பால், டின் மீன் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாசலில் பெண்களைச் சோதனை போட்ட விதம் எப்படி இருந்தது என்றால், 1956இல் செமினி புதுக்கிராமத்தில் எழுந்த புகாருக்காக அரசே விசாரணை நடத்த நேர்ந்தது.

பாடநூலில் இதற்கு 'உணவு மறுப்பு நடவடிக்கை' என்று பெயர். ஒரு பத்தியில் முடிந்துவிடும். பல நேரம் பலன் தந்தது என்றும் எழுதியிருப்பார்கள். உண்மைதான், காட்டிலிருந்தவர்கள் பசியில் வாடி வெளியே வந்தார்கள். அந்த ஒரு பத்தியை ஒரு தாயின் காலை நேரமாக எழுதிப் பார்க்கும் மாணவர்தான் இந்தப் போரைப் புரிந்துகொண்டவர்.

1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரேசர் மலைச் சாலையில் பதுங்கியிருந்த கொரில்லாக்கள் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியையே கொன்றுவிட்டார்கள். அவருக்குப் பின் 1952 பிப்ரவரியில் ஜெனரல் ஜெரால்ட் டெம்ப்ளர் வந்தார். மக்கள் மனங்களை வெல்வது பற்றிய பேச்சோடு சேர்ந்தே நினைக்கப்படும் பெயர் அவருடையது. அவர் வந்த அடுத்த மாதம் தஞ்சோங் மாலிம் ஊருக்கு அருகே, உடைந்த குடிநீர்க் குழாயைச் சரிசெய்யப் போன குழுவை வழிமறித்துத் தாக்கினார்கள். 12 பேர் இறந்தார்கள். டெம்ப்ளர் நேரே அந்த ஊருக்குப் போய், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துக் கோபமாகத் திட்டினார். அடுத்து ஊருக்கே தண்டனை. ஒரு நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு, பள்ளிக்கூடம் மூடல், பஸ் நிறுத்தம், அரிசிப் பங்கீட்டில் வெட்டு. பிறகு வீடு வீடாக ஒரு தாள் கொடுத்தார்கள். தெரிந்ததை எழுதுங்கள், பெயர் போட வேண்டாம் என்றார்கள். தாள்களை முத்திரையிட்ட பெட்டிகளில் சேகரித்து, ஊர்ப் பிரதிநிதிகளையும் உடன் அழைத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் போய், அவர்கள் முன்னிலையில் டெம்ப்ளர் பெட்டியைத் திறந்தார். கைதுகள் நடந்தன. சுமார் இரண்டு வாரம் கழித்து ஊரடங்கு நீங்கியது.

பல வகுப்புகளில் இந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்வார்கள். தகவல் தருபவரின் அடையாளத்தைக் காப்பது எப்படி என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு என்று அவர்கள் சொல்வது சரியே. ஆனால் அந்தத் தாளைக் கையில் வாங்கியவர் எத்தனை நாள் பாதிப் பட்டினியில் இருந்தார் என்பதையும், குற்றம் செய்யாத குடும்பங்களும் அதே தண்டனையை அனுபவித்தன என்பதையும் அதே மூச்சில் சொல்லாவிட்டால் அந்தப் பாடம் அரைகுறை. ஊருக்கே தண்டனை விதித்த முறையைக் கண்டித்து அப்போதே பிரிட்டனிலேயே குரல் எழுந்தது.

சரி, இந்தப் போரில் அரசு வென்றது எதனால்? மாணவர் விடைத்தாள்களில் பெரும்பாலும் 'பிரிக்ஸ் திட்டம், டெம்ப்ளரின் தலைமை' என்று இருக்கும். ஆய்வாளர்கள் இன்று அவ்வளவு எளிதாக விடை சொல்வதில்லை. ரிச்சர்ட் ஸ்டப்ஸ் ரப்பர் விலையைக் கவனித்தார். 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டதும் ரப்பர் விலையும் வெள்ளீய விலையும் வெகுவாக ஏறின. அரசுக் கருவூலம் நிரம்பியது, புதுக்கிராமத்துக்குப் பணம் வந்தது, தோட்டத்தில் கூலியும் ஏறியது. கார்ல் ஹேக், டெம்ப்ளர் வருவதற்கு முன்பே அலை திரும்பிவிட்டது என்று வாதிடுகிறார். 1951 அக்டோபரில் கம்யூனிஸ்ட் கட்சி தன் ஆட்களுக்கு ஒரு கட்டளை அனுப்பியது: பஸ்ஸை எரிக்காதீர்கள், அடையாள அட்டைகளைப் பறித்து அழிக்காதீர்கள், ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்க்காதீர்கள். ஏன் அப்படி ஒரு கட்டளை? மரத்தை வெட்டினால் நஷ்டம் துரைக்கு மட்டுமா? அந்த மரத்தை நம்பி அரைவயிறு கஞ்சி குடித்தவருக்கும்தான். அந்த மனிதரின் கோபத்தைக் கட்சி காலம் கடந்துதான் புரிந்துகொண்டது. மக்களுக்காகப் போராடுவதாகச் சொல்பவர்களும் மக்களைக் கேட்கத் தவறுவார்கள். வேலிக்குள் இருந்தவர் பக்கம் நின்று படித்தால் இரண்டு தரப்பின் பிழையும் கண்ணுக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேல் அரசியல் மாறியது. சீனர்களில் பலருக்குக் குடியுரிமை கிடைத்தது. 1955 தேர்தலில் துங்கு அப்துல் ரஹ்மானின் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரின் கட்சிகளும் அதில் இருந்தன. அந்த டிசம்பரில் பாலிங் ஊரில் துங்குவும் சின் பெங்கும் நேரில் பேசினார்கள். சரணடைய வேண்டும் என்ற நிபந்தனையில் பேச்சு முறிந்தது. 1957 ஆகஸ்ட் 31இல் மலாயா விடுதலை பெற்றதும், வெள்ளையனை விரட்டுவோம் என்ற முழக்கத்துக்குக் காட்டில் வேலை இல்லாமல் போயிற்று. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. ஆனால் சின் பெங்கின் கட்சி ஆயுதத்தை முறைப்படி கீழே வைத்தது 1989 டிசம்பரில், தாய்லாந்தின் ஹாட் யாய் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான். பாடத்தில் பன்னிரண்டு ஆண்டுப் போர். உண்மையில் வாலோடு சேர்த்தால் அது நாற்பது ஆண்டு நீளம்.

இந்த 'வெற்றி' மற்ற நாடுகளுக்கு ஏற்றுமதியானது. அதனால்தான் இதைச் சரியாகப் படிப்பது இன்றைய உலகப் பாதுகாப்புக்கும் அவசியமாகிறது. கென்யாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிகுயு மக்களை வேலிக் கிராமங்களில் அடைத்தார்கள். மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சனே 1961இல் தென் வியட்நாமுக்கு ஆலோசகராகப் போனார். அங்கே 1962இல் 'வியூகக் கிராமங்கள்' என்ற திட்டம் வந்தது. அவர் சொன்னதை விடப் பல மடங்கு வேகத்தில் வேலி போட்டார்கள். அந்தத் திட்டத்தின் முக்கியப் பொறுப்பில் இருந்த கர்னல் ஃபாம் நொக் தாவ், வடக்குக்கு உளவு சொன்ன கம்யூனிஸ்ட். மலாயாக் கொரில்லாக்களில் பெரும்பான்மையோர் சீனர்கள், நாட்டின் மிகப் பெரிய இனம் மலாய்க்காரர், எல்லை தாண்டி ஆயுதம் வரவில்லை. வியட்நாமில் இவற்றில் ஒன்றுகூட அப்படி இல்லை. 1963 நவம்பரில் தென் வியட்நாம் அதிபர் நோ தின் தியெம் கொல்லப்பட்டதும் அந்தத் திட்டம் சிதறிப்போனது.

நம் நாட்டுக்கும் அந்த வேலிக் கிராம முறை வந்தது. இதைத் தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகம் அறிந்திருக்கவில்லை என்பது எனக்கு வருத்தம். 1959இல் மூங்கில் பூத்து எலிகள் பெருகி மிசோ மலைகளில் பஞ்சம் வந்தது. அரசு போதிய உதவி செய்யவில்லை என்ற கோபத்தில் வளர்ந்த மிசோ தேசிய முன்னணி, லால்டெங்கா தலைமையில் 1966 பிப்ரவரி இறுதியில் ஆயுதம் எடுத்தது. மார்ச் 5ஆம் தேதி ஐஸ்வால் நகர்மீது இந்திய விமானப்படை விமானங்களே தாக்குதல் நடத்தின. 1967 தொடக்கத்திலிருந்து, மலாயாவைப் பார்த்து, மலைக் கிராமங்களைக் காலி செய்து நூற்றுக்கும் மேற்பட்ட மையங்களில் மக்களைக் குவித்தார்கள். மலைச்சரிவில் காடு திருத்திப் பயிர் செய்து பிழைத்தவர்கள் நிலத்தை விட்டு எட்ட வந்ததும் ரேஷன் அரிசிக்குக் கையேந்தும்படி ஆயிற்று. அமைதி வந்தது 1986 ஜூனில், லால்டெங்காவோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில். மறு ஆண்டு மிசோரம் மாநிலமானது. இன்று இந்திய ராணுவத்தின் கிளர்ச்சி எதிர்ப்பு, காட்டுப் போர்ப் பள்ளி மிசோரத்தின் வைரெங்டேயில்தான் இருக்கிறது. பல நாட்டு அதிகாரிகள் வந்து பயிற்சி பெறுகிறார்கள். குவியல் கிராமத்தில் வளர்ந்த ஒரு மிசோப் பாட்டி அந்தப் போரை எப்படிச் சொல்வார் என்பதும் அதே அளவு கவனத்துக்குரியது.

இப்போது ஆவணங்கள் பற்றி. மலாயாப் போரின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுத ஆன்டனி ஷார்ட் என்ற வரலாற்றாசிரியருக்கு மலேசிய அரசு ரகசியக் கோப்புகளைத் திறந்து காட்டியது. எழுதி முடித்ததும் வெளியிட மறுத்துவிட்டது. 1975இல் லண்டனில் அது நூலாக வந்தது. பிரிட்டிஷ் பேரரசு பல குடியேற்ற நாடுகளை விட்டுப் போகும்போது சங்கடமான கோப்புகளை எரித்தது, மீதியைத் தன்னோடு எடுத்துப்போய் ஒளித்தது. கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சிக் கால முதியவர்கள் லண்டனில் தொடுத்த வழக்கில், 2011இல், 37 முன்னாள் குடியேற்ற நாடுகளைச் சேர்ந்த சுமார் 8,800 கோப்புகள் இருப்பதை அரசு ஒப்புக்கொண்டது. அதில் மலாயாக் கோப்புகளும் உண்டு. அந்த முதியவர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2013இல் இழப்பீடு கிடைத்தது.

பத்தாங் காலிக் குடும்பங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 1948 டிசம்பர் 12இல் சிலாங்கூரில் அந்த ரப்பர் தோட்டத்துச் சீனத் தொழிலாளர் 24 பேரை, ஆயுதம் எதுவும் இல்லாதவர்களை, ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவினர் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடினார்கள், சுட்டோம் என்பது அரசின் கதை. 1970இல் அந்தப் படையினர் சிலரே, அது படுகொலைதான் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். தொடங்கிய விசாரணை ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. விசாரணை கேட்டுக் குடும்பத்தார் போட்ட வழக்கை 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பு இணையத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் முழுதாகப் படிக்க வேண்டும். அந்த அமெரிக்கக் கையேட்டை ஒரு கையிலும் இந்தத் தீர்ப்பை மறு கையிலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வது வழக்கம்.

அதோடு 1977இல் ஜெனீவா ஒப்பந்தங்களுக்குச் சேர்த்த இரண்டாம் நெறிமுறையையும் படியுங்கள். உள்நாட்டுப் போரில் மக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாக்கக் கூடாது என்கிறது அதன் 14ஆம் விதி. மக்களின் பாதுகாப்போ தவிர்க்க முடியாத ராணுவக் காரணமோ இல்லாமல் அவர்களை இடம்பெயர்க்கக் கூடாது என்கிறது 17ஆம் விதி. மலாயாவின் சோற்றுப் பானையையும் முள்வேலியையும் இந்த இரண்டு விதிகளோடு பொருத்தி ஒரு கட்டுரை எழுதலாம்; நல்ல ஆய்வேட்டுத் தலைப்பு. இந்தியா, இலங்கை, மலேசியா மூன்றுமே அந்த நெறிமுறையில் இன்றுவரை சேரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கைப் போரின் இறுதி மாதங்களைக் கண்டவர்களுக்கு அந்த விதிகளின் ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு கனமானது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நடைமுறை எச்சரிக்கை. இந்தப் பாடம் படிக்கும்போது தீவிரவாத அமைப்புகளின் வெளியீடுகள் தேடலில் வந்து நிற்கும். 2008இல் இங்கிலாந்தில் ஒரு முதுகலை மாணவர் ஆய்வுக்காக அல்காய்தா கையேடு ஒன்றைப் பதிவிறக்கினார். அமெரிக்க அரசின் இணையதளத்திலேயே கிடைத்த ஆவணம் அது. போலீசார் அவரைப் பயங்கரவாதச் சட்டத்தில் பிடித்துச் சில நாள் அடைத்து வைத்து, குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விட்டார்கள். பிறகு 20,000 பவுண்டு இழப்பீடு தந்தார்கள். நம் நாட்டுச் சட்டங்கள் இன்னும் கடுமையானவை. ஆகவே, எதைப் படிக்கப் போகிறீர்கள் என்பதை வழிகாட்டியிடம் முன்னதாகவே எழுத்தில் தெரிவியுங்கள். பல்கலைக்கழக நூலகத்தின் வழியாகவே ஆவணங்களைப் பெறுங்கள். மூல ஆவணம் தேவையில்லாத இடத்தில் ஆய்வு நூலே போதும்.

இணையவழிப் படிப்பைக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. இந்தத் துறையைப் பொறுத்தவரை நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே வகுப்பில் பணியிலிருக்கும் ராணுவ அதிகாரியும், முகாமில் வேலை செய்யும் செவிலியரும், பத்திரிகையாளரும், போரில் ஊரை இழந்தவரும் எழுதிப் பேசுகிறார்கள். அதை விட முக்கியமானது, யாரும் தன் ஊரை விட்டுப் போகவில்லை. லண்டனுக்குப் போய்ப் படிக்கும் மாணவர் கியூ ஆவணக் காப்பகத்தில் டெம்ப்ளரின் குறிப்பைத் தேடலாம். நீங்கள் பட்டுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ சுங்கை சிப்புட்டிலோ இருந்தபடியே, அந்தக் குறிப்பு யார் மேல் பாய்ந்ததோ அவரைத் தேடிப் போகலாம். மலாயாவிலிருந்து திரும்பி வந்த குடும்பம் இல்லாத ஊர் டெல்டாவில் குறைவு. அந்தக் காலத்தில் பத்து வயதுப் பிள்ளையாக வேலிக்குள் இருந்தவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது.

போகும்போது கொள்கையைக் கேட்காதீர்கள். காலையில் வாசல் எத்தனை மணிக்குத் திறந்தது, அம்மா என்ன சமைத்தார், அரிசி எவ்வளவு கொடுத்தார்கள், ராத்திரி யார் கதவைத் தட்டினார்கள், காட்டுக்காரர்கள் கேட்டால் என்ன செய்தீர்கள், போலீஸ் கேட்டால் என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் அனுமதியோடு செல்போனில் பதிவு செய்யுங்கள். விருப்பம் இல்லை என்றால் பெயரை எழுதாதீர்கள். நினைவு தவறும் என்பதால் கோப்போடும் நாளிதழோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சின் பெங் 2003இல் தன் தரப்பை நூலாக எழுதிவிட்டார். டெம்ப்ளரைப் பற்றி ஏராளமான நூல்கள் இருக்கின்றன. இந்தப் பெரியவர்கள் தரப்பை எழுத உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பவர்கள் அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்கார்ந்து கேளுங்கள்.